வாசகர் கேள்வி – பதில்: யாருடைய வழிபாட்டுக்காக எம்.பி. எழுந்து நின்றார்?

மத சுதந்திரத்துக்கு மக்கள் பிரதிநிதிகள் எந்த அளவுக்குத் துணை நிற்கிறார்கள் என்று வெளிநாடுகளில் கணக்கு வைக்கிறார்கள். அதைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு ஒன்று எழுதியிருந்தோம். அதையொட்டி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மாவட்ட எம்.பி.மார் மத சுதந்திரத்துக்காக என்ன செய்கிறார்கள் என்று பதிந்து வைக்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? (இளைஞர் மன்றம், கொட்டகலை)

பதில்: முதலில் ஆட்தொகையைக் குறையுங்கள். பாராளுமன்றத்தில் 225 பேர். அத்தனை பேரையும் பின்தொடரப் புறப்பட்டால் இரண்டாம் மாதமே களைத்துவிடுவீர்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். அந்த 8 பேர் போதும். பதுளைக்காரர் 9 பேரையும், கண்டிக்காரர் 12 பேரையும், மாத்தளைக்காரர் 5 பேரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது ஆவணம். பத்திரிகைச் செய்தியை வைத்துக் கணக்கெழுத முடியாது, சபையில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் பதியும் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சாட்தான் வேண்டும். பாராளுமன்ற இணையத்தளத்தில் அமர்வு நாள்வாரியாக அது பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும், பக்கத்தில் மொழிபெயர்ப்பு இராது. ஆகவே உங்கள் குழுவில் சிங்களம் தடையின்றி வாசிக்கும் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் வாசித்தால், சிங்களத்தில் எழுந்து பேசிய தமிழ் எம்.பி.யும் வாய் திறக்காதவராகக் கணக்கில் விழுந்துவிடுவார்.

தேடல் பெட்டியை நம்பாதீர்கள். பழைய இதழ்களில் தமிழ், சிங்கள எழுத்துக்கள் யுனிகோட் அல்லாத எழுத்துருவில் இருப்பதால், ‘கோவில்’ என்று அடித்தால் ஒன்றும் அகப்படாது. அகப்படவில்லை என்பதற்காகப் பேசவில்லை என்று எழுதிவிடக் கூடாது. முன்பக்கத்தில் ‘பிரதான உள்ளடக்கம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து, சம்பந்தப்பட்ட பகுதியைக் கண்ணால் வாசிப்பதே வழி. எல்லா நாளையும் வாசிக்க வேண்டியதில்லை. அமர்வின் தொடக்கத்தில் வரும் வாய்மூல விடைக்கான வினாக்கள், முடிவில் வரும் சபை ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை, வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் சமய அலுவல்கள் அமைச்சுக்கு ஒதுக்கப்பட்ட நாள் ஆகிய மூன்றையும் தவறவிடாதீர்கள். குழுநிலை விவாதம் வழக்கமாக நவம்பர், டிசம்பரில் வரும். 2024 நவம்பரில் தேர்தல் நடந்ததால் 2025 ஆம் ஆண்டுக்கான விவாதம் அவ்வாண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களுக்குத் தள்ளிப்போனது.

மலையகத்துக்கென்று இன்னொரு நாளையும் சேர்க்கச் சொல்வோம்: பெருந்தோட்டத் துறை அமைச்சின் நாள். நம் கோவில்களும் ஜெபக்கூடங்களும் பெரும்பாலும் தோட்ட நிலத்தில் நிற்பவை. நிலம் அரசுடையது, நிர்வாகம் 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில். ஒரு லயத்தருகே வழிபாட்டிடம் கட்ட விடவில்லை என்ற பிரச்சினை சபைக்கு வந்தால், அது சமய அமைச்சரிடம் கேட்கப்படாமல் தோட்டக் காணிப் பிரச்சினையாகவே கேட்கப்பட்டிருக்கும். சமயத் தலைப்பின் கீழ் மட்டும் தேடுகிறவர் அதைக் காணமாட்டார்.

பதிவுக்கு 120 பக்க சி.ஆர். கொப்பி ஒன்று போதும், எக்ஸெல் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆறு நிரல்கள் போடுங்கள்: திகதி, உறுப்பினர் பெயர், செய்த காரியம் (வாக்கு, வினா, பேச்சு, பிரேரணை, சட்டமூலம்), சொன்னதன் சாரம், யாருடைய உரிமைக்காக, ஹன்சாட் தொகுதி – இலக்கம் – நிரல் எண். கடைசி நிரல் வெறுமையாக இருந்தால் அந்த வரியை வெளியிடாதீர்கள். முன்பக்கத்தில் ‘பிழை திருத்தப்படாதது’ என்று இருந்தால் அதையும் குறித்து வையுங்கள், திருத்திய பிரதி வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். அக்கிராசனக் கட்டளைப்படி நீக்கப்பட்ட சொற்கள் ஹன்சாட்டில் இருக்கமாட்டா. பேச நேரம் போதாமல் சபாபீடத்தில் வைக்கப்பட்ட உரை, பேசாவிட்டாலும் அச்சாகியிருக்கும். அதை ‘பேச்சு’ என்று எழுதாமல் ‘சபாபீடத்தில் வைத்தது’ என்று எழுதுங்கள்.

ஐந்தாம் நிரல்தான் எங்களுக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. இந்து எம்.பி. கோவிலுக்காகவும், முஸ்லிம் எம்.பி. பள்ளிவாசலுக்காகவும், பௌத்த எம்.பி. விகாரைக்காகவும் பேசுவது அவரவர் கடமை, அதில் குறையில்லை. தன் வாக்குப் பெட்டிக்குள் வராத சமயத்தவருக்காக அவர் எழுந்து நின்றாரா என்பதை அந்த நிரல் மட்டுமே காட்டும். மத சுதந்திரம் என்ற சொல் அங்கேதான் சோதனைக்கு வருகிறது.

வெரிட்டே ரிசர்ச் நிறுவனத்தின் மந்திரி டொட் எல்கே தளம் ஹன்சாட்டை வைத்து உறுப்பினர்களின் பங்களிப்பைத் தலைப்புவாரியாகக் கணக்கிடுகிறது. எங்கே தோண்டுவது என்று அறிய அது நல்ல வழிகாட்டி. ஆனால் பங்களிப்பின் அளவு வேறு, எந்தப் பக்கம் நின்று பேசினார் என்பது வேறு. இரண்டாவதை நீங்கள்தான் வாசித்து அறிய வேண்டும்.

கேள்வி: சட்டமூலங்களுக்கு விழுந்த வாக்குகளை மட்டும் எண்ணினால் வேலை சுலபமல்லவா? (ஓய்வுபெற்ற அதிபர், ஹாலிஎல)

பதில்: சுலபந்தான் ஐயா, ஆனால் கணக்கு பிழைத்துவிடும்.

நம் பாராளுமன்றத்தில் பெரும்பாலான விடயங்கள் குரல் வாக்கிலேயே முடிகின்றன. யாராவது ஓர் உறுப்பினர் வாக்கெடுப்புக் கேட்டால்தான் மணி அடித்து, சார்பாக இத்தனை, எதிராக இத்தனை என்று பெயரோடு ஹன்சாட்டில் ஏறும். கேட்காவிட்டால் 225 பேரில் யார் எந்தப் பக்கம் என்பதற்குச் சாட்சியே இல்லை.

பெயரோடு வாக்கு இருந்தாலும் அதன் பொருள் தெளிவாக இருப்பதில்லை. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. சமய உணர்வுகளைப் புண்படுத்தும் பொய்க் கூற்றுகளுக்கு எதிரான பிரிவுகளும் அதில் உண்டு. ‘ஆம்’ என்றவர் சமயத்தைக் காத்தாரா, சமயம் பற்றிப் பேசும் சுதந்திரத்தைச் சுருக்கினாரா? சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்திலும் (ஐ.சி.சி.பி.ஆர். சட்டம்) இதே சிக்கல். அதன் 3 ஆம் பிரிவு மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது, தண்டனை 10 ஆண்டு வரை. சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய அந்தப் பிரிவின் கீழ் 2019 இல் கைதானவர்களுள் சிறுகதை எழுதியவரும் ஒருவர். இப்படிப்பட்ட வாக்குகளுக்குப் புள்ளி போடாதீர்கள். வாக்கைக் குறித்து, அவர் சொன்ன காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. மத சுதந்திரத்தை நேராகத் தொடும் காரியங்களில் பல, வாக்குக்கே வருவதில்லை. சுற்றறிக்கையாகவோ வர்த்தமானியாகவோ பொலிஸ் நடவடிக்கையாகவோ வந்து போய்விடும். கொவிட் காலத்தில், அடக்கம் செய்வதைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களின் உடல்களையும் எரிக்கவைத்த கட்டாயத் தகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் 11 அன்று வந்த வர்த்தமானி அது. 2021 பெப்ரவரி 25 இல்தான் அடக்கத்துக்கு இடம் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இதில் எந்த எம்.பி.யும் வாக்களிக்கவில்லை. யார் வினா எழுப்பினார், யார் ஒத்திவைப்பு வேளையில் பேசினார், யார் பேசாதிருந்தார் என்பதே பதிவு. அதிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும்: அந்த வர்த்தமானி வந்தபோது பாராளுமன்றம் கலைந்திருந்தது (2020 மார்ச் 2). புதிய சபை கூடியது ஆகஸ்ட் 20. ஆகவே மௌனக் கணக்கை ஆகஸ்ட் 20 முதல்தான் தொடங்கலாம். ஏப்ரலிலிருந்து எண்ணுவது அநியாயம்.

கேள்வி: வாக்கெடுப்புக்கு வராதவரை எதிர்ப்பாளர் என்று எழுதலாமா? (நாவலப்பிட்டி)

பதில்: கூடாது. ‘சமுகமளிக்கவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவரும் நழுவியவரும் ஹன்சாட்டில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். ஆனால் ஒருவர் ஐந்தாறு முக்கிய வாக்கெடுப்புகளிலும் இல்லை என்றால், அன்றைய தினம் வேறு நேரத்தில் சபையில் பேசியிருக்கிறாரா என்று அதே ஹன்சாட்டில் பாருங்கள். காலையில் பேசிவிட்டு மாலை வாக்குக்கு இல்லாமல் போனது தெரிந்தால், அந்த இரண்டு உண்மைகளையும் அடுத்தடுத்து எழுதுங்கள். விளக்கம் வாசகருக்குத் தேவைப்படாது.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குக் கூரைத் தகடும் ஒலிபெருக்கியும் எம்.பி. தந்தார். இது மத சுதந்திரத்துக்கான ஆதரவாகப் பதிவாகுமா? (தலவாக்கலை)

பதில்: அம்மனுக்குக் கூரை கிடைத்தது நல்ல விடயம், நன்றி சொல்லுங்கள். ஆனால் இந்தக் கொப்பியில் எழுதாதீர்கள்.

ஒருவர் விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும், மாற்றிக்கொள்ளவும், தனியாகவோ கூட்டாகவோ வழிபடவும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும், எந்தச் சமயமும் வேண்டாமென்று இருக்கவும் தடையில்லாதிருப்பதே மத சுதந்திரம். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் பேசுவது இதைத்தான். பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து வரும் தகடும் கதிரையும் சமயத்துக்கான உதவி. உதவி கொடுக்கும் கை, அடுத்த டிவிஷனில் ஜெபக்கூடத்தை மூடச் சொல்லும் கூட்டத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டு நிற்கவும் கூடும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால், அதிகம் செலவழித்தவரே அதிகம் ஆதரித்தவர் என்று ஆகிவிடும்.

வேண்டுமானால் தனிக் கொப்பி ஒன்று போடுங்கள். மாவட்டச் செயலகத்தில் அந்த நிதி யாருக்கு எவ்வளவு போனது என்ற விபரம் இருக்கும். கோவில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் என்று பிரித்துப் பார்த்தால் பாகுபாடு இருக்கிறதா என்று தெரியும். பாகுபாடு இருந்தால் அது 12(2) உறுப்புரையின் விவகாரம். அப்போது முதற் கொப்பிக்கு அது வரலாம்.

கேள்வி: வாடகை வீட்டில் 20 பேர் கூடி ஜெபிக்கிறோம். ‘பதிவு இருக்கிறதா, அமைச்சின் அனுமதி இருக்கிறதா’ என்று கேட்டுப் பொலிஸார் வந்தார்கள். எம்.பி.யிடம் எதைக் கேட்பது? (பண்டாரவளை)

பதில்: இப்படி வரும்போது பெரும்பாலும் கையில் இருப்பது 2008 ஒக்டோபர் 16 திகதியிட்ட சமய அலுவல்கள் அமைச்சின் சுற்றறிக்கை. புதிய வழிபாட்டிடம் கட்டுவதற்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். அது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அல்ல. வழிபாட்டு உரிமைக்கு மட்டுப்பாடு போடுவதானால் அது ‘சட்டத்தினால் விதிக்கப்பட்டதாக’ இருக்க வேண்டும் என்று 15(7) உறுப்புரை சொல்கிறது. மேலும் அது கட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. இருக்கிற வீட்டில் கூடிச் செபிப்பது கட்டடம் கட்டுவதாகுமா என்பதே உங்கள் முதல் வாதம்.

எம்.பி.யிடம் போய் ‘எங்களுக்கு உதவுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். தலையாட்டி அனுப்பிவிடுவார், பதிவில் ஒன்றும் நிற்காது. வாய்மூல விடைக்கான வினா ஒன்றை எழுத்தில் கொடுங்கள்: அச்சுற்றறிக்கை இன்னும் நடைமுறையில் உள்ளதா, எந்தச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்டது, பதுளை மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் அதன்படி வந்த விண்ணப்பங்கள் எத்தனை, அனுமதித்தவை எத்தனை, மறுத்தவை எத்தனை, சமயவாரியாக எப்படி. கொடுத்த திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். அவர் கேட்டால் ஹன்சாட்டில் வரும். கேட்காவிட்டால் அதுவும் ஒரு பதிவுதான்.

எம்.பி.யை எதிர்பாராமல் நீங்களே கேட்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆர்.டி.ஐ. 01 படிவத்தை அமைச்சின் தகவல் அலுவலருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஆர்.டி.ஐ. 02 ஐ வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபாலில் போட்டு, துண்டை ஒட்டி வையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

இந்த விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பால்தான். ‘ஏன் எங்களைத் துன்புறுத்துகிறீர்கள்’ என்பது தகவல் அல்ல, அதற்கு ‘எம்மிடம் அப்படி ஆவணம் இல்லை’ என்ற ஒற்றை வரி வரும். ‘சகல கடிதங்களும்’ என்று கேட்டால் தொகை பெரிது என்பார்கள். திகதி, மாவட்டம், ஆவணத்தின் பெயர் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். மேன்முறையீட்டுத் தவணையைத் தவறவிடுவது அடுத்த பொதுவான பிழை. முதல் நாளே நான்கு திகதிகளையும் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

கேள்வி: அமெரிக்கா, பிரித்தானியாவில் எம்.பி.மாருக்குப் புள்ளிப்பட்டியல் போடுகிறார்களாமே. அதே முறையை இங்கே கொண்டுவந்தால் என்ன? (பல்கலைக்கழக மாணவி, பதுளை)

பதில்: அமெரிக்க காங்கிரசுக்கு அப்படிப் பட்டியல் போடும் அமைப்புகள் உண்டு. சர்வதேச மத சுதந்திரம் பற்றிய சட்டமூலங்களையும் தீர்மானங்களையும் தெரிந்தெடுத்து, யார் முன்வைத்தார், யார் இணை அனுசரணையாளராகப் பெயர் கொடுத்தார், யார் எப்படி வாக்களித்தார் என்று புள்ளி போடுவார்கள். இணை அனுசரணைதான் அங்கே மிகப் பயனுள்ள அளவுகோல். ஒவ்வொருவரும் எந்தத் திகதியில் பெயர் கொடுத்தார் என்பதுவரை காங்கிரசின் இணையத்தளத்தில் இருக்கும். முதல் வாரத்தில் சேர்ந்தவரும், நிறைவேறப் போகிறது என்று தெரிந்த பின் சேர்ந்தவரும் ஒன்றல்ல.

வாக்குகள் அந்த அளவுக்கு உதவுவதில்லை, காரணத்தைப் பாருங்கள். 1998 இல் சர்வதேச மத சுதந்திரச் சட்டம் செனட்டில் 98க்கு 0 என்று நிறைவேறியது. எல்லாரும் ஒரே பக்கம் என்றால் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்தறிய முடியாது. அதற்கு முன் அவ்வாண்டு மே மாதம் பிரதிநிதிகள் சபையில் வந்த, தடைகளை இன்னும் கடுமையாக விதிக்கும் சட்டமூலம் 375க்கு 41 ஆக நிறைவேறியது. பொருள் நிறைந்த வாக்கு அதுதான். ஆனால் அந்த 41 பேரும் மத சுதந்திரத்தின் எதிரிகளா, பொருளாதாரத் தடை என்ற வழியை ஏற்காதவர்களா என்பதை உரைகளை வாசிக்காமல் சொல்ல முடியாது. சீனாவின் உய்குர் முஸ்லிம் மக்களின் கட்டாய உழைப்பைத் தடுக்கும் சட்டமூலம் அதே பிரதிநிதிகள் சபையில் 2021 டிசம்பர் 8 அன்று 428க்கு 1 ஆக நிறைவேறியது. பிரித்தானிய மக்கள் சபை 2016 ஏப்ரல் 20 அன்று, ஈராக்கிலும் சிரியாவிலும் ஐ.எஸ். அமைப்பு யசீதி என்ற சிறுபான்மைச் சமயத்தவருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் செய்தது இனப்படுகொலை என்று 278க்கு 0 வாக்கில் தீர்மானித்தது. அங்கே 650 ஆசனங்கள். அன்று வாக்களிக்காதவர் தொகைதான் கவனிக்க வேண்டியது.

இன்னும் சில பொறிகள் உண்டு. வெளிவிவகாரக் குழுவில் இருப்பவருக்குப் புள்ளி சேர்க்க வாய்ப்பு அதிகம், விவசாயக் குழுவில் இருப்பவருக்குக் குறைவு. இடைத்தேர்தலில் வந்தவருக்குக் காலம் போதாது. பட்டியல் போடுகிற அமைப்பு தனக்குப் பிடித்த சட்டமூலங்களையே தெரிந்தெடுத்தால், விடை முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும். தங்கள் சமயத்தார் ஒடுக்கப்படும் நாடுகளை மட்டும் சேர்த்து, தங்கள் நட்பு நாடுகளை விட்டுவிடும் பட்டியல்களும் உண்டு. எந்தப் பட்டியலைக் கண்டாலும் முதலில் தெரிந்தெடுத்த விடயங்களைப் பாருங்கள், புள்ளியைப் பிறகு பார்க்கலாம்.

இங்கே அப்படியே கொண்டுவர முடியாததற்குக் காரணம் எளிது. நம் நாட்டில் இணை அனுசரணை என்ற ஏற்பாடு இல்லை. தனியார் உறுப்பினர் சட்டமூலத்தை ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அவ்வளவுதான். அரசாங்கச் சட்டமூலங்களில் கட்சிக் கட்டளைப்படியே கை உயரும். ஆகவே இங்கே ஒற்றை எண் கொடுத்து 8 பேரையும் வரிசைப்படுத்துவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். வினா எத்தனை, பேச்சு எத்தனை, அவற்றில் பிற சமயத்தவருக்காக எத்தனை என்று மூன்று எண்களைத் தனித்தனியே கொடுங்கள். ‘மத சுதந்திரத்துக்கான பாராளுமன்ற உறுப்பினர்களின் சர்வதேசக் குழு’ 2014 நவம்பரில் ஒஸ்லோவில் ஒரு சாசனத்தோடு தொடங்கியது. அதுபோன்றவற்றில் நம் எம்.பி. ஒருவர் கையொப்பமிட்டால் குறித்து வையுங்கள், பிறகு ஊருக்கு வந்து என்ன செய்தார் என்று பாருங்கள்.

கேள்வி: மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று முன்பு வந்ததாகச் சொல்கிறார்கள். என்ன ஆயிற்று? அப்படி இனி வந்தால் எதைக் கவனிப்பது? (நுவரெலியா)

பதில்: 2004 இல் பௌத்த பிக்குகளைக் கொண்ட ஜாதிக ஹெல உறுமய கட்சி தனியார் உறுப்பினர் சட்டமூலமாக அதைக் கொண்டுவந்தது. பலாத்காரத்தாலும் ஆசைகாட்டியும் மதம் மாற்றுவதைத் தடுப்பது நோக்கம் என்றார்கள். உயர் நீதிமன்றம் அதன் 3 ஆம் வாசகமும் 4(ஆ) வாசகமும் 10 ஆம் உறுப்புரைக்கு முரண் என்றும், மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் இல்லாமல் நிறைவேற்ற முடியாது என்றும் தீர்மானித்தது. பிறகு அது சட்டமாகவில்லை. இங்கே ஒரு நுணுக்கம்: 10 ஆம் உறுப்புரையை மாற்ற 83 ஆம் உறுப்புரைப்படி மக்கள் தீர்ப்பு வேண்டும், 14 ஆம் உறுப்புரைக்கு அந்தக் காவல் இல்லை. மனதில் நம்புவதற்கு உள்ள பாதுகாப்பு, கூடி வழிபடுவதற்கு இல்லை. எம்.பி.மாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

தமிழகச் சஞ்சிகைகளை வாசிக்கும் சிலர் இந்திய அரசியலமைப்பின் 25 ஆம் உறுப்புரையை இங்கேயும் பொருத்திப் பேசுகிறார்கள். அங்கே சமயத்தைப் பரப்பும் உரிமை எழுத்தில் உண்டு. நம்முடைய 14(1)(உ) இல் வழிபாடு, அனுட்டானம், சாதனை, போதனை என்று நான்கு சொற்கள்தான். பரப்புதல் இல்லை. 2003 இல் கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் (சட்ட அந்தஸ்துள்ள அமைப்பாக்கும்) தனியார் உறுப்பினர் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சமயப் பணியையும் பொருளுதவியையும் ஒன்றாகச் செய்வது 10 ஆம் உறுப்புரைக்கு ஒவ்வாது என்றும், பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9 ஆம் உறுப்புரைக்கு முரண் என்றும் நீதிமன்றம் சொன்னது. விவகாரம் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனது. சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 18 ஆம், 26 ஆம் உறுப்புரைகள் மீறப்பட்டதாக அக்குழு 2005 இல் முடிவு சொன்னது.

கவனிக்க வேண்டியது கூட்டிணைத்தல் சட்டமூலங்களைத்தான். யாரும் பார்க்காத மூலையில் நடப்பவை அவை. கோவில் பரிபாலன சபை, கிறிஸ்தவ சபை, அறபுக் கல்லூரி என்று எந்த அமைப்புக்காக எந்த எம்.பி. முன்வந்தார் என்பது, சபையின் அன்றைய அலுவல்களைப் பட்டியலிடும் ஒழுங்குப் பத்திரத்தில் பெயரோடு இருக்கும். தன் சமயம் அல்லாத அமைப்புக்காக முன்மொழிந்தவரை ஐந்தாம் நிரலில் தடித்த எழுத்தில் எழுதலாம். எந்தச் சட்டமூலத்தையும் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்த மிகச் சில நாட்களே உண்டு. அந்த நாட்கள், சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும். வர்த்தமானியில் வந்த அன்றே படித்துவிடுகிறவரால்தான் சட்டத்தரணியைத் தேடி ஓட முடியும்.

கேள்வி: எம்.பி. ஒருவர் சபையில் பேசிய ஒரு நிமிட வீடியோ வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பதிவில் சேர்க்கலாமா? (மஸ்கெலியா)

பதில்: ஹன்சாட்டில் அதே வசனத்தைக் காணும்வரை சேர்க்காதீர்கள். ‘அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நான் ஏற்கமாட்டேன்’ என்ற பேச்சில் பின்பாதியை வெட்டினால் முன்பாதி அவருடைய கருத்தாகிவிடும். 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயலில் திகன, தெல்தெனிய எரிந்த நாட்களில் கைக்குக் கை பரவிய பதிவுகள் என்ன செய்தன என்பதைக் கண்டி மாவட்டம் மறக்கவில்லை. வீடியோவில் திகதி இல்லாவிட்டால், சபையில் அன்று யார் அக்கிராசனத்தில் இருக்கிறார், எந்த அமைச்சின் பெயர் அடிபடுகிறது என்று பாருங்கள். ஹன்சாட்டில் தேட வேண்டிய நாட்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

கேள்வி: நாங்கள் தொகுப்பதை வெளிநாட்டில் யாராவது பார்ப்பார்களா? அமெரிக்க ஆணைக்குழு இலங்கையைப் பட்டியலில் போட்டுவிட்டது என்கிறார்களே? (வர்த்தகர், அக்குறணை)

பதில்: இரண்டு வேறு விடயங்கள் இங்கே கலந்துவிட்டன. அமெரிக்க சர்வதேச மத சுதந்திர ஆணைக்குழு பரிந்துரை செய்யும் அமைப்பு. 2023 அறிக்கையில் இலங்கையை விசேட கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கும்படி அது பரிந்துரைத்தது. சேர்ப்பதும் விடுவதும் இராஜாங்கத் திணைக்களத்தின் முடிவு. பரிந்துரையை முடிவு என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் தொகுப்புக்கு நேரான வழி ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வு. இலங்கையின் முறை 2008, 2012, 2017, 2023 ஆம் ஆண்டுகளில் வந்தது. சிறு அமைப்புகளும் அறிக்கை அனுப்பலாம். தனி அமைப்பானால் 2,815 சொற்கள், கூட்டாக அனுப்பினால் 5,630 சொற்கள். அதற்கு மேல் போனால் ஏற்கமாட்டார்கள். மலையகக் குழுக்கள் நான்கைந்து சேர்ந்து கூட்டாக எழுதுவதே நல்லது. மத சுதந்திரத்துக்கான ஐ.நா. விசேட அறிக்கையாளர் 2019 ஆகஸ்ட்டில் இங்கே வந்து போனார். அப்படி யாராவது வரும் நேரத்தில் திகதியும் நிரல் எண்ணும் உள்ள இரண்டு பக்கம், முப்பது பக்க முறைப்பாட்டை விட அதிகம் பேசும்.

கேள்வி: வெளியிட்டால் வழக்குப் போடுவார்களா? தேர்தலுக்கு முன் வெளியிடலாமா? (பொகவந்தலாவை)

பதில்: குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது. நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட இன்னும் இடமுண்டு. பாதுகாப்பு உங்கள் எழுத்தில்தான் இருக்கிறது. ‘மதவாதி’, ‘துரோகி’ என்ற சொற்கள் வேண்டாம். ‘இந்தத் திகதியில் இந்த வினாவை எழுப்பினார்’, ‘இந்த ஹன்சாட் தொகுதியில் இந்த விடயம் பற்றிய பேச்சு எதையும் காணவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொரு பதிவையும் இரண்டு பேர் தனித்தனியே வாசித்துத் தரம் பிரிக்க வேண்டும், முடிந்தால் வெவ்வேறு சமயத்தவர். பத்தில் எட்டுக்குக் குறைவாக ஒத்துப்போனால் தவறு உங்கள் விதியில் இருக்கிறது. விதியைத் திருத்தி முதலிலிருந்து பாருங்கள். பிறகு வரைவை அந்தந்த எம்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பதில் தர இரண்டு வாரம் கொடுங்கள். அவர் தரும் விளக்கத்தை வெட்டாமல் பக்கத்தில் போடுங்கள். பிழை காட்டினால் அடுத்த வெளியீட்டின் முதல் பக்கத்திலேயே திருத்தம் வரட்டும்.

தேர்தலுக்கு முந்திய வாரத்தில் முதன்முதலாக வெளியிட்டால் யாரோ ஒருவருக்காகச் செய்தது என்றே ஊர் நினைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, வரவு செலவுத் திட்ட விவாதம் முடிந்த மறுமாதம் என்று ஒரு காலத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பிரதிகளை ஊர் நூலகத்திலும் பாடசாலை நூலகத்திலும் வையுங்கள். நம் முன்னோரின் குடியுரிமையைப் பறித்த 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கு எந்தத் தலைவர் கை தூக்கினார், எவர் எதிர்த்தார் என்று இன்றும் தேநீர்க் கடைகளில் வாக்குவாதப்படுகிறோம். விடை அன்றைய ஹன்சாட்டில் பெயரோடு கிடக்கிறது. அதை எடுத்துத் தமிழில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கொடுக்க அன்று ஆளில்லை. நீங்கள் எழுதும் கொப்பியில் தொகுதியும் நிரலும் சரியாக இருக்கட்டும், மூல பி.டி.எஃப். இன் பிரதியொன்றையும் கூடவே சேமித்து வையுங்கள். இணையத்தளங்களில் கோப்புகள் இடம் மாறிவிடுகின்றன.